மூளைப் பயிற்சிச் செயலிக்குச் சந்தா கட்டலாமா?

உங்கள் தந்தைக்கு 68 வயது. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். தெரிந்தவர்களின் பெயர் சட்டென்று வாயில் வர மறுக்கிறது என்று சில மாதங்களாக வருந்துகிறார். மூளைப் பயிற்சிப் புதிர்கள் அடங்கிய கைப்பேசிச் செயலி ஒன்றை ஒரு வார இலவசக் காலத்தில் விளையாடிப் பார்த்துவருபவர், இப்போது ஆண்டுச் சந்தா கட்டலாமா என்று யோசிக்கிறார். அதனால் நினைவாற்றல் கூடுமா, மறதிநோய் வராமல் தடுக்க முடியுமா, ஒன்பது வயதுப் பேரனுக்கும் அதையே கொடுக்கலாமா என்பவை உங்கள் கேள்விகள். கல்லூரியில் உளவியல் கற்பிப்பவன் என்பதாலும், வீட்டில் வயதான பெற்றோர் இருப்பதாலும் இந்தக் கேள்விகளை நான் பலமுறை எதிர்கொண்டிருக்கிறேன். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விளையாடுவதில் அவருக்கு மகிழ்ச்சி இருந்தால் தாராளமாக விளையாடட்டும், நினைவைக் காக்கும் மருந்து என்று எண்ணிப் பணம் கட்ட வேண்டாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே விளக்க வேண்டும், ஏனெனில் இதில் ஒரு முக்கியமான விதிவிலக்கும் இருக்கிறது.

இத்தகைய செயலிகளில் அடிக்கடி காணப்படும் ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். திரையின் மேலிருந்து மழைத்துளிகள் விழுகின்றன. ஒவ்வொரு துளிக்குள்ளும் 8 + 7 என்றோ 42 ÷ 6 என்றோ ஒரு சிறு கணக்கு. துளி கீழே உள்ள நீரைத் தொடுவதற்குள் விடையைத் தட்டிவிட வேண்டும். இதை நான் மூன்று வாரம் நாள் தவறாமல் விளையாடினேன். மதிப்பெண் இரண்டு மடங்கைத் தாண்டியது. அப்படி எதில்தான் தேறினேன் என்று என்னையே கவனித்தேன். எண்பலகையைப் பார்க்காமலேயே கட்டைவிரல் 5-க்கும் 7-க்கும் போகப் பழகியிருந்தது; எளிய கணக்காக இருந்தாலும் உயரத்தில் இருப்பதை விட்டுவிட்டு, நீருக்கு மிக அருகில் வந்துவிட்ட துளியை முதலில் முடிக்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டது; வந்த கணக்குகளே திரும்பத் திரும்ப வந்ததால் பாதிக்கு நான் கணக்குப் போடவே இல்லை, விடை தானாக வந்தது. காய்கறிக் கடையில் ஐந்து பொருள்களின் விலையை மனத்துக்குள் கூட்டும்போது ஏற்படும் தடுமாற்றம் மட்டும் முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

ஒரு செயலில் பெற்ற தேர்ச்சி வேறொரு செயலுக்குப் போய்ச் சேருமா என்பது உளவியலில் மிகப் பழைய கேள்வி. எட்வர்ட் தார்ண்டைக்கும் ராபர்ட் வுட்வொர்த்தும் 1901-இலேயே இதைச் சோதித்தார்கள். செவ்வகங்களின் பரப்பை மதிப்பிடப் பழகியவர்கள் அதில் நன்கு தேறினார்கள். வடிவமோ அளவோ மாறியபோது அந்தத் தேர்ச்சியில் பெரும்பகுதி அவர்களோடு வரவில்லை. இந்த உண்மையை மனத்தில் பதிய வைக்கும் சான்று, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் சேஸும் ஆண்டர்ஸ் எரிக்சனும் பயிற்றுவித்த மாணவர் ஒருவரின் கதை. நொடிக்கு ஓர் எண் என்று வாசிக்கப்படும் வரிசையைக் கேட்டுத் திரும்பச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் அவரால் ஏழு எண்கள்தாம் முடிந்தன. அது எல்லோருக்கும் இயல்பான அளவு. ஏறத்தாழ 20 மாதங்களில், 230 மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயிற்சிக்குப் பிறகு, அவர் 79 எண்களைத் தவறின்றிச் சொன்னார். அவர் ஓட்டப்பந்தய வீரர். 3492 என்று கேட்டால் அதை '3 நிமிடம் 49.2 நொடி, ஒரு மைல் ஓட்டத்தில் உலகச் சாதனைக்கு நெருங்கிய நேரம்' என்று மாற்றிக்கொள்வார். இவ்வாறு எண்களைக் கொத்துக்கொத்தாகக் கட்டி அடுக்கினார். பிறகு எண்களுக்குப் பதிலாக எழுத்துகளைக் கொடுத்தார்கள். அவர் சொன்னவை ஏறக்குறைய ஆறு. இருபது மாத உழைப்பில் அவரிடம் வளர்ந்தது எண்களுக்கான ஒரு நுட்பம். நினைவு என்ற பொதுவான தசை ஏதும் அங்கே பருத்துவிடவில்லை.

தமிழர்களுக்கு இது, ஒரே நேரத்தில் பல செயல்களில் கவனம் வைக்கும் அவதானக் கலையை நினைவூட்டும். கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டியதை நாம் இன்றும் வியப்புடன் பேசுகிறோம். முதுகில் எறியப்படும் பூக்களை எண்ணுவதும், மணியோசையைக் கணக்கு வைப்பதும், கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா முடிப்பதும் அந்தந்த வேலைக்கென்றே பல்லாண்டு முயன்று பெற்ற திறன்கள். நாளுக்குப் பதினைந்து நிமிடம் எதையோ தட்டினால் எல்லாவற்றுக்கும் பயன்படும் நினைவாற்றல் கிடைத்துவிடும் என்ற எண்ணம் அந்தக் கலையிலும் இருந்ததில்லை.

பெரிய அளவிலான சோதனைகளும் இதையே காட்டின. 2010-இல் ஏட்ரியன் ஓவனும் அவருடைய குழுவினரும், பிபிசி தொலைக்காட்சியின் துணையுடன் 11,430 பேரை ஆறு வாரங்களுக்கு இணையவழிப் பயிற்சியில் ஈடுபடுத்திய ஆய்வை நேச்சர் அறிவியல் இதழில் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்குத் தர்க்கமும் திட்டமிடுதலும் சார்ந்த விளையாட்டுகள். இன்னொரு குழுவுக்கு, சந்தையில் விற்கப்படும் செயலிகளைப் போலவே நினைவு, கவனம், கணக்கு சார்ந்தவை. மூன்றாம் குழுவினர் இணையத்தில் தேடிப் பொது அறிவுக் கேள்விகளுக்கு விடை கண்டார்கள். பயின்ற விளையாட்டுகளில் எல்லோரும் தேறினார்கள். பயிலாத சோதனைகளில், அவை பயின்றவற்றுக்கு மிக நெருக்கமானவையாக இருந்தபோதும், குறிப்பிடத்தக்க பயன் எதுவும் கிடைக்கவில்லை. அந்த ஆய்வில் ஒரு கணக்கு வருகிறது: நினைவுப் பயிற்சி பெற்ற குழுவினரால் கூடுதலாக நினைவில் வைக்க முடிந்தது ஓர் எண்ணில் நூற்றில் மூன்று பங்கு, அதே வேகத்தில் போனால் ஒரே ஓர் எண்ணை அதிகமாக நினைவில் வைக்க ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பயில வேண்டும். நினைவுப் பயிற்சியே பெறாத மூன்றாம் குழு பத்தில் இரண்டு பங்கு முன்னேறியிருந்தது. 2017-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 128 இளைஞர்களைப் பத்து வாரம் சோதித்தபோதும், புகழ்பெற்ற செயலியான லூமாசிட்டியைப் பயின்றவர்களுக்கும் சாதாரணக் காணொளி விளையாட்டுகளை ஆடியவர்களுக்கும் இடையே வேறுபாடு தென்படவில்லை.

"ஆனால் விளையாடத் தொடங்கியதிலிருந்து எனக்குத் தெளிவாக இருக்கிறதே" என்று உங்கள் தந்தை சொல்லக்கூடும். அவர் பொய் சொல்லவில்லை. ஒரே வகைச் சோதனையை இரண்டாம் முறை எழுதும் எவரும் சற்று நன்றாகவே எழுதுவார்கள். எதிர்பார்ப்பும் அதோடு சேர்ந்துகொள்ளும். அமெரிக்காவில் 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. மாணவர்களைச் சேர்க்க இரண்டு வகை அறிவிப்புகளை ஒட்டினார்கள்: ஒன்று மூளைப் பயிற்சியால் அறிவு வளரும் என்று ஆசை காட்டியது, மற்றொன்று ஆய்வில் பங்கேற்க வாருங்கள் என்று மட்டும் சொன்னது. இரு தரப்பினருக்கும் அளித்தது ஒரே பயிற்சி, ஒரே ஒரு மணி நேரம். ஆசை காட்டிய அறிவிப்பைப் பார்த்து வந்தவர்களின் நுண்ணறிவுச் சோதனை மதிப்பெண் 5 முதல் 10 புள்ளி வரை உயர்ந்தது, மற்றவர்களுக்கு உயரவில்லை. செயலிகள் தாமே கணித்துக் காட்டும் 'மூளை வயது' போன்ற எண்கள் குறைவதை இதை மனத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

விளம்பரங்கள் சொன்ன அளவுக்குச் சான்று இல்லை என்பது சட்டத்தின் முன்னும் வந்த செய்தி. லூமாசிட்டியின் உரிமையாளரான லூமாஸ் லேப்ஸ் நிறுவனத்தின் மீது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் தொடுத்த வழக்கு 2016 ஜனவரியில் 20 லட்சம் டாலரில் முடித்துக்கொள்ளப்பட்டது. பள்ளியிலும் பணியிலும் திறன் கூடும், வயதால் வரும் மறதியையும் அல்சைமர் நோயையும் தள்ளிப்போடலாம் என்றெல்லாம் போதிய அறிவியல் சான்றின்றி விளம்பரம் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அதில் என்னை மிகவும் வருத்திய பகுதி வேறு. நினைவு, மறதிநோய், அல்சைமர் தொடர்பான நூற்றுக்கணக்கான சொற்களை இணையத்தில் தேடுவோருக்குத் தங்கள் விளம்பரம் போய்ச் சேருமாறு அவர்கள் செய்திருந்தார்கள் என்று ஆணையம் கூறியது. தன் தாய்க்கு என்ன ஆகிறதென்று நள்ளிரவில் அச்சத்தோடு தேடும் ஒருவரின் கண்ணில் படுவது மருத்துவத் தகவலாக இருக்க வேண்டும். விளையாட்டுச் சந்தாவாக இருக்கக் கூடாது.

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட விதிவிலக்கு. 'ஆக்டிவ்' என்ற பெயரில் அமெரிக்காவில் நடந்த ஆய்வில் 65 வயதைக் கடந்த 2,802 பேர் கலந்துகொண்டார்கள். நினைவு உத்திகள், தர்க்கம், காட்சித் தகவலை விரைந்து உள்வாங்குதல் என மூன்றில் ஒன்றில், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாத பத்து அமர்வுகள் அளித்தார்கள்; ஒப்பிடுவதற்காக ஒரு குழுவுக்குப் பயிற்சி எதுவும் அளிக்கவில்லை. சிலருக்குப் பின்னர் ஊக்க அமர்வுகளும் உண்டு. பத்து ஆண்டுகள் கழித்தும் தர்க்கப் பயிற்சியும் வேகப் பயிற்சியும் பெற்றவர்களிடம் அந்தந்தத் திறனில் பயன் எஞ்சியிருந்தது. நினைவுப் பயிற்சியின் பயன் மறைந்துவிட்டது. 2017-இல் வெளியான பகுப்பாய்வு, வேகப் பயிற்சி பெற்றவர்களுக்கு மறதிநோய் ஏற்படும் வாய்ப்பு, பயிற்சி பெறாதவர்களைவிட 29 விழுக்காடு குறைவாக இருந்தது என்று சொன்னது. வேகப் பயிற்சி எப்படிப்பட்டது தெரியுமா? திரையின் நடுவில் ஒரு வாகனம் நொடியின் சிறு பகுதிக்குத் தோன்றி மறையும். அதே கணத்தில் ஓரத்தில் எங்கோ இன்னொன்று. நடுவில் வந்தது காரா லாரியா, ஓரத்தில் வந்தது எந்தத் திசையில் என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லச் சொல்ல நேரம் குறைந்துகொண்டே போகும், கவனத்தைக் குலைக்கும் உருவங்களும் சேரும். சாலையில் வண்டி ஓட்டுபவருக்குத் தேவையான பார்வை இதுதான்.

இந்த முடிவை நான் மதிக்கிறேன். அதே வேளையில் அளவோடுதான் நம்புகிறேன். அந்தப் பகுப்பாய்வில் மறதிநோய் என்பது பங்கேற்பாளர்களின் தேர்வு மதிப்பெண்களையும் நேர்காணல்களையும் கொண்டு கணிக்கப்பட்டது. ஒவ்வொருவரையும் மருத்துவர் நேரில் ஆராய்ந்து உறுதிசெய்ததன்று. மேலும் அந்தப் பயிற்சியின் பெருமையை நூறு வகைப் புதிர்களைக் கொண்ட எந்தச் செயலியும் தனக்கு எடுத்துக்கொள்ள முடியாது. 2,802 பேரில் எவரும் மழைத்துளிக் கணக்கையோ மிட்டாய் அடுக்குவதையோ பயிலவில்லை. அறிஞர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு: 2014-இல் ஸ்டான்போர்டின் முதுமை ஆய்வு மையமும் பெர்லினின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனமும் முன்னெடுத்த அறிக்கை இவ்விளையாட்டுகளின் விளம்பரங்களைக் கண்டித்தது; அதே ஆண்டிலேயே நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வாளர்கள் அதை மறுத்துக் கடிதம் வெளியிட்டார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல், முதியோருக்கு அறிதிறன் பயிற்சி அளிக்கலாம் என்று நிபந்தனையுடன் பரிந்துரைத்து, அதற்கான சான்றின் தரம் தாழ்வானது என்பதையும் சேர்த்தே குறிப்பிட்டது.

புதிர்களை நான் வெறுக்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். சுடோகு எனக்கு முப்பது ஆண்டுப் பழக்கம் இல்லையென்றாலும், இருபது ஆண்டுகளாக விடாத பழக்கம். ஒரு வரிசையில் இரண்டே கட்டங்களில் 4-ம் 7-ம் மட்டுமே வர முடியும் என்று கண்டுபிடித்து, எது எங்கே என்று தெரியாமலேயே அந்த வரிசையின் மற்றக் கட்டங்களிலிருந்து 4-ஐயும் 7-ஐயும் நீக்கும்போது, அதுவரை இறுகிக் கிடந்த புதிர் மளமளவென்று அவிழும். மருத்துவமனைக் காத்திருப்பறையில் ஒரு மணி நேரத்தை அப்படிக் கழித்திருக்கிறேன். அந்த இன்பம் போதாதா? எந்தப் புதிரும் தன் விளையாட்டுக்காகவே விளையாடத் தக்கது என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் தந்தை விரும்பினால் விளம்பரமில்லாத, இலவசமான சுடோகுச் செயலிகளோ, செய்தித்தாளின் குறுக்கெழுத்தோ, பேரனுடன் ஆடும் சதுரங்கமோ இருக்கின்றன.

அவருடைய நேரத்தை நினைவுக்காகவே செலவிட வேண்டுமென்றால், இதுவரை தெரியாத, கடினமான ஒன்றைக் கற்கச் சொல்வேன். டெக்சாசில் டெனிஸ் பார்க் தலைமையில் நடந்த ஆய்வில் 60 முதல் 90 வயது வரையிலான 221 பேர் பங்கேற்றார்கள். சிலர் மூன்று மாதம், வாரத்துக்குப் பதினைந்து மணி நேரத்துக்கும் மேலாக, எண்ணிமப் புகைப்படக் கலையோ ஒட்டுத்துணிப் போர்வைத் தையலோ கற்றார்கள். சிலர் கூடிப் பேசிப் பயணம் போனார்கள். சிலர் வீட்டிலிருந்து எளிய வேலைகளில் ஈடுபட்டார்கள். நிகழ்வுகளை நினைவுகூரும் திறனில் முன்னேற்றம் தெரிந்தது புதிய கலையைக் கற்றவர்களிடம்தான். வங்கியில் வாழ்நாளெல்லாம் எண்களோடு பழகியவருக்குக் கணக்குப் புதிர் பழைய சாலை. ஒரு புதிய மொழியின் எழுத்தோ, மிருதங்கத்தின் முதல் பாடமோ அவரை உண்மையிலேயே தடுமாற வைக்கும். அந்தத் தடுமாற்றம்தான் வேண்டியது.

இப்போது உங்கள் கேள்வியில் எனக்குக் கவலையளித்த பகுதிக்கு வருகிறேன்: பெயர்கள் மறப்பது. பெயர் என்பது பொருளோடு ஒட்டாத ஓர் அடையாளம். முகம் தெரிந்து, வேலை தெரிந்து, ஊர் தெரிந்து, பெயர் மட்டும் சிறிது நேரம் கழித்து வருவது இந்த வயதில் மிக இயல்பு. தெரிந்த தெருவில் வழி தவறுவது, ஒரே கேள்வியைச் சில நிமிடங்களுக்குள் திரும்பக் கேட்பது, பணம் எண்ணுவதிலோ சமையலின் வரிசையிலோ புதிதாகக் குழம்புவது ஆகியவை வேறு. அவற்றில் ஒன்று தென்பட்டாலும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். செயலியின் மதிப்பெண் உயர்கிறது என்று தள்ளிப்போடாதீர்கள். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல், சில தூக்க மாத்திரைகளும் ஒவ்வாமை மாத்திரைகளும் என மறதிக்குச் சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல உண்டு. 2024-இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம், மாற்றியமைக்கக்கூடிய 14 காரணிகளை எல்லாம் கவனித்தால் உலகில் ஏறத்தாழ 45 விழுக்காட்டு மறதிநோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று கணித்தது. இரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, உடலுழைப்பின்மை, தனிமை ஆகியவற்றோடு, காது கேளாமையும் கெட்ட கொழுப்பும் அந்தப் பட்டியலில் முன்வரிசையில் இருக்கின்றன. தொலைக்காட்சியின் ஒலியை அவர் கூட்டிக்கொண்டே போகிறாரா என்று பாருங்கள். கேட்காத பெயரை எந்த மூளையும் நினைவில் வைக்காது. என் தந்தையின் விஷயத்தில் நாங்கள் இதை இரண்டு ஆண்டுகள் தாமதமாகத்தான் உணர்ந்தோம்.

பேரனைப் பொறுத்தவரை விடை இன்னும் எளிது. ஆஸ்திரேலியாவின் மெல்பேர்னில், செயல் நினைவு (கேட்டதைச் சற்று நேரம் மனத்தில் வைத்துக் கையாளும் திறன்) குறைவாக இருந்த ஆறேழு வயதுக் குழந்தைகள் 452 பேரைக் கொண்டு கணினிவழி நினைவுப் பயிற்சி ஒன்று சோதிக்கப்பட்டது. பள்ளி நேரத்திலேயே இருபதுக்கு மேற்பட்ட அமர்வுகள். இரண்டு ஆண்டுகள் கழித்து, பயிற்சி பெற்றவர்களின் வாசிப்பும் எழுத்துக்கூட்டலும் மற்றவர்களைவிட மேம்படவில்லை. கணக்கில் சற்றுப் பின்தங்கியே இருந்தார்கள். பயிற்சிக்காக வகுப்பை இழந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். வாய்ப்பாட்டில் தேற வேண்டுமென்றால் வாய்ப்பாட்டையும், வாசிப்பில் தேற வேண்டுமென்றால் கதைப் புத்தகத்தையும் கொடுங்கள். விளையாட்டாக வேண்டுமென்றால் தாத்தாவும் பேரனும் தரையில் அமர்ந்து பல்லாங்குழி ஆடட்டும்.

கடைசியாக, அந்த ஒரு வார இலவசக் காலத்தைப் பற்றி. எங்கள் வீட்டிலும் இதே வகைச் செயலி ஒன்றை என் தாயார் ஏழு நாள் இலவசமாகத் தொடங்கினார். ஐந்தாம் நாளில் சலித்துப்போய்ச் செயலியை நீக்கிவிட்டார். எட்டாம் நாள் காலையில் ஓராண்டுச் சந்தா முழுவதும் அவர் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டதாக வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. செயலியை நீக்கினால் சந்தா நீங்காது என்பது அவருக்கு மட்டுமன்று, எனக்கும் அன்றுதான் தெரிந்தது. உங்கள் தந்தை தொடங்கும்போதே அட்டை விவரமோ யுபிஐ ஒப்புதலோ கொடுத்திருந்தால், ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பிளே ஸ்டோரைத் திறந்து, வலது மேல்மூலையில் உள்ள அவருடைய படத்தைத் தொட்டு, கட்டணங்களும் சந்தாக்களும் என்ற பகுதிக்குள் போய், சந்தாக்களைத் திறந்து, அந்தச் செயலியின் பெயரைத் தொட்டு, ரத்து செய்வதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இலவசக் காலம் முடிவதற்கு ஒரு நாள் முன்னதாகவே, இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.